சிவப்புக் கோடுகளை நீக்கிய விதம்

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் நான் நடத்தும் தட்டச்சு நிலையத்துக்கு ஆங்கில விண்ணப்பங்களுடன் வருவோர், பாடசாலையில் கற்ற பிரித்தானிய எழுத்துக்கூட்டலிலேயே எழுதியிருப்பர். கணினியோ ‘கலர்’ என்பதிலுள்ள யூ எழுத்தையும் ‘சென்டர்’ என்பதன் ஆர்ஈ முடிவையும் பிழையெனச் சிவப்புக் கோடிட்டது. நோவா வெப்ஸ்டரின் 1828ஆம் ஆண்டு அகராதி பரப்பிய அமெரிக்க வழக்கே அதில் அமைக்கப்பட்டிருந்தது.

வேர்ட் செயலியில் ஆவணம் முழுவதையும் தெரிவுசெய்து, ‘ரிவியூ’ பகுதியின் ‘லாங்குவேஜ்’ வழியாக ‘செட் புரூஃபிங் லாங்குவேஜ்’ என்பதைத் திறந்து, ஐக்கிய இராச்சிய ஆங்கிலத்தையே நிலையான தெரிவாக்கியதும் கோடுகள் மறைந்தன. முழுவதையும் தெரிவுசெய்யாவிடின், முன்பு தட்டச்சிட்ட பந்திகள் அமெரிக்க ஆங்கிலமாகவே நிற்கும்.

‘ஆர்கனைஸ்’ போன்ற சொற்களை இசட் எழுத்துடன் எழுதுவதை ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியும் ஏற்பதால் அது பிழையன்று. ஆனால் ஒரே கடிதத்தில் எஸ்ஸும் இசட்டும் கலந்து வருவதைக் கணினி சுட்டாததால், அவற்றை நானே தேடி ஒருசீராக்குகிறேன்.