ஓடிக்கொண்டிருக்கும் அனிமேக்கு வாராவாரம் விமர்சனம் எழுதுவது எப்படி

வடஆற்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள் கணக்கில் போகும். கர்ணன் சாவான் என்று தெரியாமல் யாரும் கர்ண மோட்சம் பார்க்கப் பாய் விரிப்பதில்லை. ஆனாலும் மறுநாள் காலை டீக்கடையில் பேச்சு நடக்கும். நேற்று துகில் எப்படி, துரியோதனன் வேஷக்காரருக்கு விடியும்வரை குரல் தாங்கியதா, கட்டியங்காரன் எந்த இடத்தில் இழுத்துவிட்டான். கதையை ஒருவரும் திரும்பச் சொல்ல மாட்டார்கள்.

அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர், அதற்கு வாராவாரம் எழுதும் விமர்சனத்துக்கும் இதே இலக்கணம்தான். தொடர் முடிந்தபின் மொத்தமாக எழுதுவது வேறு வேலை. அடுத்த வாரம் என்ன வரும் என்று தெரியாத நிலையில், இந்த 24 நிமிடம் என்ன செய்தது என்று எழுதி வைப்பது இந்த வேலை. அந்தத் தெரியாமைக்குத்தான் மதிப்பு. கீழே வரும் படிகள் பெரும்பாலும் அதைக் காப்பாற்றத்தான்.

முதல் படி: ஒரே ஒரு தொடர்

புதுத் தொடர்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று ஆண்டுக்கு நான்கு முறை தொடங்கும். ஒரு பருவத்துக்கு 12 அல்லது 13 எபிசோட். இதை 'கூர்' என்பார்கள். சில தொடர்கள் தொடர்ந்து இரண்டு கூர் ஓடும், சில நடுவில் மூன்று மாதமோ அதற்கு மேலோ விட்டு வரும். தொடங்கும் முன்பே எத்தனை எபிசோட் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு எபிசோடுக்கு முதல் பார்வை 24 நிமிடம், நிறுத்தி நிறுத்தி இரண்டாம் பார்வை ஒரு மணி நேரம், எழுத ஒன்றரை மணி நேரம். வாரத்துக்குச் சுமார் மூன்று மணி நேரம், 12 வாரத்துக்கு 36 மணி நேரம். புதியவர்கள் நான்கு தொடரை எடுத்து ஐந்தாம் வாரத்தில் நான்கையும் கைவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. காட்பாடியில் விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் உள்மதிப்பீட்டுத் தேர்வு வாரங்களையும் காலண்டரில் குறித்துவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள்.

தொடரின் மூலக்கதையான மங்காவோ (ஜப்பானியப் படக்கதை) லைட் நாவலோ (படங்களோடு வரும் சிறு நாவல்) படித்திருந்தால் அதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள். படித்தவர், படிக்காதவர் இரண்டு பேரின் விமர்சனமும் தேவைதான். படித்துவிட்டுப் படிக்காதவர் போல எழுதுவது மட்டும் கூடாது. மூன்றாம் வாரத்திலேயே வாசகருக்குத் தெரிந்துவிடும்.

நேரக் கணக்கு

ஜப்பான் நமக்கு 3 மணி 30 நிமிடம் முன்னால். இரவு அனிமேக்களுக்கு அவர்கள் நேரத்தை 24-ஐத் தாண்டியும் எழுதுவார்கள். 'வெள்ளி 25:30' என்றால் அங்கே சனிக்கிழமை அதிகாலை 1:30. இதில்தான் கிழமை மாறிப்போகும். சுலபமான வழி, போட்டிருக்கிற எண்ணிலிருந்து அப்படியே 3:30 கழித்துவிடுவது. 25:30-இல் 3:30 போனால் 22:00. வேலூரில் வெள்ளி இரவு பத்து மணி, கிழமையும் அதுவே. இணையத் தளங்களில் எபிசோட் ஏறுவது அதற்குப் பிறகு அரை மணியிலும் இருக்கலாம், சில மணி நேரமும் ஆகலாம். இந்தியாவில் உரிமம் பெற்ற தளம் எது என்று பார்த்து அதிலேயே பாருங்கள். திருட்டுப் பதிப்பில் மொழிபெயர்ப்பு தவறினால், அந்தத் தவறை வசனகர்த்தா தலையில் கட்டிவிடுவீர்கள்.

சில தொடர்கள் தொடக்கத்திலேயே கணக்கை மாற்றும். 'ஃப்ரீரென்' 2023 செப்டம்பர் 29 அன்று முதல் நான்கு எபிசோடையும் ஒரே இரண்டு மணி நேரச் சிறப்பு ஒளிபரப்பாகத் தந்தது. இப்படி வந்தால் நான்கு பதிவாக உடைக்க வேண்டாம். ஒன்றாகக் காட்டியதற்கு ஒரு காரணம் இருக்கும், அதையும் சேர்த்து ஒரே விமர்சனமாக எழுதுங்கள்.

முதல் பார்வை, இரண்டாம் பார்வை

முதல் முறை பார்க்கும்போது பேனா வேண்டாம். முடிந்தவுடன், யாருடைய கருத்தையும் படிப்பதற்கு முன், நினைவில் நிற்பதை ஐந்து வரியில் எழுதுங்கள். அதில் ஒரு வரி, அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்பது. தேதி போடுங்கள். பிறகு இந்த வரிகளைத் திருத்தாதீர்கள்.

இரண்டாம் முறை மறுநாள். இப்போது நோட்டில் மூன்று கட்டம்: நிமிடம், திரையில் என்ன, அது என்ன செய்தது. ஒரு கற்பனைக் காட்சியை வைத்துப் பார்க்கலாம்.

14:05. மகள் கதவைத் திறக்கிறாள். வாசலில் அம்மாவின் செருப்பு இருக்கும் இடம் வெறுமையாக இருக்கிறது, 7 நொடி அதையே காட்டுகிறார்கள். இசை இல்லை, ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும். 14:12. அவள் முகம். 'ததைமா', அதாவது 'வந்துட்டேன்', என்று சொல்ல வாயெடுத்து நிறுத்துகிறாள்.

இதைப் பற்றி 'மனதை உருக்கிய காட்சி, அனிமேஷன் வேற லெவல்' என்று எழுதினால் எந்த எபிசோடுக்கும் பொருந்தும். 'செருப்பு இல்லாத இடத்தை 7 நொடி காட்டிவிட்டுத்தான் முகத்துக்கு வருகிறார்கள்; அம்மா போய்விட்டாள் என்பது மகளுக்கு உறைக்கும் முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது' என்று எழுதினால் அது இந்த எபிசோடுக்கு மட்டும்தான் பொருந்தும். மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் குறிப்புகளை அடித்துவிடுங்கள். ஒரு விமர்சனத்துக்கு இப்படி மூன்று இடம் போதும்.

அனிமேஷனைப் பற்றிச் சொல்லும்போது எண்ணிச் சொல்லுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடினாலும் 24 படம் வரைவதில்லை. ஒரு படம் இரண்டு ஃபிரேம் நின்றால் நொடிக்கு 12 படம், மூன்று நின்றால் 8. யூடியூபில் அதிகாரபூர்வமாக ஏற்றிய எபிசோட் என்றால் கணினியில் நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டுங்கள், ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். காற்புள்ளி தட்டினால் பின்னால் போகும். பின்னணி நகரும் காட்சியில் ஆளை மட்டும் பார்த்து எண்ணுங்கள், இல்லாவிட்டால் கணக்கு தப்பும். எண்ணிக்கை குறைவு என்பதாலேயே மட்டம் என்று எழுதிவிடாதீர்கள். அடி விழுந்தது உறைக்க வேண்டும் என்று வேண்டுமென்றே குறைப்பதும் உண்டு.

இன்னொரு பொதுவான தவறு. பளிச்சிடும் சண்டைக் காட்சி திடீரென மங்கினால் ஸ்டூடியோவைத் திட்டாதீர்கள். 1997 டிசம்பர் 16 அன்று போக்கிமான் எபிசோட் ஒன்றின் மின்னல் வெட்டைப் பார்த்த நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. அதன்பின் ஜப்பான் தொலைக்காட்சிகள் விதி வகுத்தன, ஒளிபரப்புப் பதிப்பில் அத்தகைய இடங்களை மங்கலாக்குகிறார்கள்.

பெயர்ப் பட்டியலைத் தாண்டிப் போகாதீர்கள்

பெயர்கள் ஓடும் எண்டிங் பாட்டு ஒன்றரை நிமிடம். விமர்சகருக்கு அது தகவல் சுரங்கம். தேட வேண்டியவை நான்கு: கியாகுஹோன் (வசனம்), எகோன்தே (ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளை முன்கூட்டியே படமாக வரைந்த திட்டம்), என்ஷுட்சு (அந்த எபிசோடின் இயக்குநர்), சகுகா கன்தொகு (வரைபடங்களைத் திருத்தி ஒன்றாக்குபவர்). தொடர் இயக்குநர் ஒருவரே இருந்தாலும் இந்த நான்கும் வாரத்துக்கு வாரம் மாறும். ஐந்தாம் எபிசோட் மட்டும் வேறு மாதிரி இருந்ததே என்று தோன்றினால் காரணம் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். போனில் படம் எடுத்துக் கூகுள் லென்ஸில் படிக்கலாம். ஆனால் ஜப்பானியப் பெயர்களை ஒரே எழுத்தில் பல விதமாக வாசிக்க முடியும் என்பதால் மனிதர் பெயரை லென்ஸ் தவறாகச் சொல்லும். தொடரின் அதிகாரபூர்வ தளத்திலோ அனிமே நியூஸ் நெட்வொர்க் பட்டியலிலோ ஒப்பிட்டபின் எழுதுங்கள். உழைத்தவரின் பெயரைத் தப்பாகப் போடுவது சின்னப் பிழை கிடையாது.

சகுகா கன்தொகு இடத்தில் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் பல நேரம் அது அவசரத்தின் அடையாளம். 'இந்த வாரம் பட்ஜெட் குறைவு' என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். பணக்கணக்கு நம் கண்ணுக்குத் தெரியாது. நேரம் இருந்ததா, யார் கிடைத்தார்கள் என்பதுதான் திரையில் அதிகம் தெரியும்.

தமிழில் எழுதும்போது

நமக்குக் கையிலேயே ஒரு வசதி இருக்கிறது. ஜப்பானிய மொழியில் மரியாதைப் படிகள் உண்டு: பெயரோடு 'சான்', 'சாமா', 'குன்', வெறும் குடும்பப் பெயர், வெறும் சொந்தப் பெயர். ஆங்கில சப்டைட்டில் இதைப் பெரும்பாலும் தேய்த்துவிடும். ஏழு வாரம் 'சான்' போட்டவன் எட்டாம் வாரம் வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது, 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது என்று தமிழில் ஒரே வரியில் சொல்லிவிடலாம். அதனால் ஜப்பானிய ஒலியோடு பாருங்கள், காதைத் தீட்டி வையுங்கள். தமிழ் டப்பிங் வந்திருந்தால் அதைத் தனி விமர்சனமாக எழுதுங்கள். அது சில வாரம் பிந்தி வரலாம், அதன் உழைப்பும் வேறு ஆட்களுடையது.

பெயர்களை எப்படி எழுதுவது என்று முதல் வாரமே ஒரு பட்டியல் போட்டு 12 வாரமும் மாற்றாதீர்கள். குறில் நெடில் ஜப்பானிய மொழியிலும் உண்டு, தமிழ் எழுத்து அதை அழகாகத் தாங்கும். ஆனால் ரசிகர்கள் நடுவே ஏற்கெனவே நிலைத்துவிட்ட எழுத்துமுறை இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், தேடுபவர்களுக்குக் கிடைக்க வேண்டுமே.

எழுதி முடிப்பது

400 முதல் 600 சொல். கதைச் சுருக்கம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. பார்த்தவருக்கு அது தேவையில்லை, பார்க்காதவர் அதைப் படிக்கக் கூடாது. எபிசோட் எண்ணைத் தலைப்பில் போடுங்கள். யார் செத்தார்கள் என்பது தலைப்பிலும் முதல் பத்தியிலும் முகப்புப் படத்திலும் வரவே கூடாது. முகப்புப் படத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மூலக்கதையிலிருந்து வருங்காலச் செய்தி எதையும் 'சும்மா ஒரு குறிப்பு' என்றுகூடச் சொல்லாதீர்கள். 'இந்தப் பையனைக் கவனித்து வையுங்கள்' என்பதும் கதையை முன்கூட்டியே உடைக்கும் ஸ்பாய்லர்தான்.

செயலியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் பல நேரம் கறுப்பாகத்தான் வரும், பூட்டு போட்டிருப்பார்கள். தொடரின் தளத்தில் ஒவ்வொரு எபிசோடுக்கும் சில படங்கள் வெளியிடுவது வழக்கம். அவற்றில் இரண்டு மூன்று போதும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விமர்சனத்துக்காக நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது. ஐந்து நிமிடக் காட்சியை அப்படியே ஏற்றுவது அந்த அளவில் அடங்காது.

மதிப்பெண் வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை. முதல் வாரம் பத்துக்குப் பத்து கொடுத்தால் ஒன்பதாம் வாரம் கொடுக்க ஒன்றும் இருக்காது.

ஒன்றும் நடக்காத வாரம்

நடுவில் பழைய காட்சிகளையே தொகுத்துக் காட்டும் ரீகேப் எபிசோட் வரும், அல்லது ஒரு வாரம் தள்ளிப்போகும். 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு 'மடோகா மாஜிகா'வின் கடைசி இரண்டு எபிசோட் ஏப்ரலுக்குப் போனது. அப்படிப்பட்ட வாரத்தில் பழைய நோட்டைப் புரட்டி, ஒரே ஒரு காட்சியை எடுத்து விரிவாக எழுதுங்கள். பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் நிற்கும் நாளுக்கும் இப்படி ஒன்றை முன்பே எழுதி வைத்திருப்பது நல்லது.

கதையே நகராத வாரங்களும் வரும். 2009-இல் 'ஹருஹி சுசுமியா' ஒரே கோடை விடுமுறைக் கதையை எட்டு வாரம் திரும்பத் திரும்பக் காட்டியது. ஒவ்வொரு முறையும் புதிதாக வரைந்து, புதிதாகக் குரல் கொடுத்திருந்தார்கள். உடை மாறியது, கேமரா நின்ற இடம் மாறியது. கதைச் சுருக்கத்தையே நம்பி எழுதியவருக்கு இரண்டாம் வாரமே சரக்கு தீர்ந்திருக்கும். திரையைப் பார்த்துக் குறிப்பெடுத்தவருக்கு எட்டு வாரமும் எழுத இருந்தது.

கடைசி எபிசோடுக்கு முன்னால் உங்கள் 11 பதிவுகளையும் வரிசையாகப் படியுங்கள். பொய்த்துப்போன ஊகங்களை அழிக்காதீர்கள். பெயர், தேதி போன்ற தகவல் பிழை இருந்தால் பதிவின் அடியில் தேதி போட்டுத் திருத்தம் சேருங்கள். இறுதி விமர்சனத்தில், முதல் வாரம் எழுதிய அந்த ஐந்து வரியை அப்படியே மேலே வைத்துவிட்டு அதன் கீழே தொடங்குங்கள்.