நுரைக்கும் மாத்திரையில் இருந்த உப்பு

காலையில் வீட்டுக் கருவியில் இரத்த அழுத்தம் 150/95க்குக் கீழே வரவே இல்லை. அப்பளம், ஊறுகாய், கருவாடு எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. காப்பிக்கடையில் மீ சூப் (நூடல்ஸ் சூப்) சாப்பிட்டால் சூப்பை அப்படியே கிண்ணத்தில் விட்டுவிடுவேன். மாலையில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் வேக நடை. எடைகூடச் சற்றுக் குறைந்தது. அழுத்தம் மட்டும் அசையவில்லை. கருவியின் மேல் சந்தேகம் வந்து, பலதுறை மருந்தகத்திற்கு அதைக் கொண்டுபோய் ஒப்பிட்டேன். கருவி சரி.

அங்கே மருந்தாளர்தான் கேட்டார்: "கடையில் நீங்களே வாங்கிச் சாப்பிடும் மாத்திரை ஏதாவது உண்டா?"

உண்டு. மூட்டுவலிக்கு, தண்ணீரில் போட்டால் நுரைக்கும் பாராசிட்டமால். நுரை வருவதே சோடியம் பைகார்பனேட்டால்தான். உப்பில் அழுத்தத்தை ஏற்றும் அதே சோடியம், 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் இருக்கும். நாளுக்கு நான்கு போட்டால் 1,600. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் நாள் வரம்பே 2,000தான்! நாக்கில் உப்புச் சுவையே தெரியாது என்பதால் யாருக்கும் தோன்றாது. நுரைக்கும் வைட்டமின் சி மாத்திரையும் இதே வகைதான்.

மருத்துவரிடம் சொல்லி, வலிக்குப் பூசும் களிம்புக்கு மாறினேன். தாங்காத நாளில் மட்டும் சாதாரண மாத்திரை. நடையும் சாப்பாடும் பழையபடியே. அப்புறம்தான் அளவு மெல்ல இறங்கி, இப்போது 130/80ஐ ஒட்டி நிற்கிறது. அப்பாடா! மருத்துவர் எழுதித் தந்த அழுத்த மாத்திரையை நான் தொடர்கிறேன்; அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.