மானம் கறுத்தா கிழக்கே திரும்புங்க

காங்கேயம், தாராபுரம், பல்லடம் பக்கத்துக் காடுகளில் (மானாவாரி நிலத்தைச் சொல்கிறோம்; வெளியூர்க்காரர்கள் யானை தேட வேண்டாம்) மழைமேகம் நேரில் மிரட்டும். படத்திலோ சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்துக் கிடக்கும். நிலம் இருட்டாக இருப்பதைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுவதே காரணம். வெளுத்துப்போன மேகத்தைப் பிறகு மீட்க முடியாது, இருண்ட மண்ணை மீட்கலாம். அதனால் RAW கோப்பாக (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலப்படம்) எடுங்கள். ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைத் திரையில் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாதபடி வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் வரை, அதாவது பாதியாகும் வரை, குறையுங்கள். போனில் என்றால் மேகத்தின் மேல் விரலை அழுத்திப் பூட்டிவிட்டு, சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும்.

இரண்டு ஸ்டாப் கிராஜுவேட்டட் ஃபில்டர் (மேல்பாதி மட்டும் கறுத்த கண்ணாடி) மலையூர்களில் தொல்லை கொடுக்கும், இங்கே தொடுவானம் கோடு போட்டதுபோல நேராக இருப்பதால் கச்சிதமாகப் பொருந்தும். பனையோ காற்றாலையோ நடுவில் நின்றால் மட்டும் அதன் தலை கறுத்துவிடும்.

சித்திரைக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் பிற்பகலில் இடிமேகம் எழும்பும். ஐந்து மணிக்கு மேல் எல்லாரும் மேற்கே சூரியனைப் பார்த்து நிற்பார்கள். நீங்கள் கிழக்கே திரும்புங்கள். மழை கிழக்கே நகர்ந்து, மேற்கே ஒரு கீற்று விலகினால், சாய்ந்த வெயில் சோளத்தட்டின் மேல் விழும், பின்னால் கருமேகம். ஐந்து நிமிடம் நின்றாலே பெரிது. வானவில்லும் அந்தப் பக்கம்தான் வரும். போலரைசரை (கண்கூசும் பிரதிபலிப்பைக் குறைக்கும் சுழல் ஃபில்டர்) தப்பாகத் திருப்பினால் அது படத்திலிருந்து காணாமல் போகும் என்பதை மறக்காதீர்கள்.

ஆடியில் கதை வேறு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் மேகம் ஓடும். மழை அதிகம் இருக்காது, நிழல் மட்டும் திட்டுத் திட்டாக நிலத்தில் நகரும். நிழல் முன்னால், வெயில் நடுவில் விழும் வரை காத்திருங்கள். கொழுக்கட்டைப் புல் ஆடாமல் வர 1/250 நொடி வேண்டும், ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளியுணர்வு) 400க்கு ஏற்றத் தயங்காதீர்கள். இந்தக் காற்றில் வெளிச்சத்தை மாற்றி மாற்றி மூன்று படம் எடுத்து ஒன்றாக ஒட்டும் வேலை ஆகாது. புல் மூன்றாகத் தெரியும். காற்றாலை இறக்கை சுழல்வது தெரிய 1/8 நொடி. அதற்கு முக்காலியில் பையைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

தட்டை நிலத்தில் உயரம்தான் பாதி வேலை. தொடுவானக் கோடு எப்போதும் உங்கள் கேமரா உயரத்திலேயே ஓடும். கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) மேயும் மாட்டை நின்றபடி எடுத்தால், கோடு அதன் முதுகுக்கு மேலே போய், மாடு மண்ணோடு மண்ணாகக் கரைந்துவிடும். முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள்: கால்களுக்கு நடுவே கோடு ஓட, திமிலும் கொம்பும் மேகத்தில் நிற்கும். ஒற்றை வெள்வேல் மரத்துக்கும் இதே கணக்கு. மாறாக, உழவுசால், கிளுவை வேலி, இட்டேரி (இரு வேலிக்கு நடுவே போகும் வண்டித்தடம்) இவற்றின் வளைவு தெரிய வேண்டுமென்றால் மேட்டில் ஏறுங்கள். வானத்துக்கு ஐந்தில் நான்கு பங்கு கொடுக்கலாம். மேகம் சுமாராக இருந்தால் கொடுக்காதீர்கள்.

ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 24 மிமீ லென்ஸ், லென்ஸ் துளை எஃப்/8, ஃபோகஸ் இரண்டரை மீட்டரில் வைத்தால், ஒன்றேகால் மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக விழும். துளையைச் சுருக்கி எஃப்/16க்குப் போனால் சென்சாரில் ஒட்டிய செம்மண் புழுதி அத்தனையும் வானத்தில் புள்ளியாகத் தெரியும். காட்டுக்குள் லென்ஸ் மாற்றாதீர்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் இடி வந்தால் முக்காலியை மடக்கிக் காருக்குள் போய்விடுங்கள்; அந்த ஒற்றை மரத்தடிக்கு மட்டும் ஓடாதீர்கள்.

வேலிக்குள் போகுமுன் "ஏனுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாங்களா?" என்று கேட்டுவிடுங்கள். வெளியே வரும்போது படலை இழுத்துச் சாத்துங்கள், மாடு வெளியே போய்விடும்.