பூஜ்யம் பைட் எழுத்துரு

சுங்கை சிப்புட்டில் எங்கள் அச்சகத்துப் பழைய மேக்கிலிருந்த தமிழ் எழுத்துருக்கள், பென்டிரைவிலிருந்து விண்டோஸ் வழியாகப் புது மேக்குக்குப் போனதும் எல்லாமே பூஜ்யம் பைட். கோயில் திருவிழா நோட்டீஸ் வேறு காத்திருந்தது.

மேக்கில் ஒரு கோப்புக்கு இரண்டு கிளைகள் உண்டு. அந்தக் காலத்து மேக் எழுத்துருவில் சரக்கெல்லாம் 'ரிசோர்ஸ் ஃபோர்க்' என்ற இரண்டாம் கிளையில்தான் இருக்கும். முதல் கிளையான தரவுக் கிளை காலி. ஃபேட் (FAT) என்ற கோப்பு முறையில் அமைந்த பென்டிரைவில் அந்த இரண்டாம் கிளை புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் தனிக் கோப்பாகப் பிரியும். விண்டோஸில் அதைக் குப்பை என்றுதான் நினைப்பார்கள்.

"ஜிப் போடுங்க அண்ணே" என்றான் கடைப் பையன். போடலாம், நடுவில் யாரும் விண்டோஸில் பிரிக்காத வரை.

பழைய மேக்கில், கட்டளை தட்டும் டெர்மினலில் 'மேக்பைனரி என்கோட்' (macbinary encode), பக்கத்தில் கோப்பின் பெயர். 128 பைட் தலைப்பு, அப்புறம் இரு கிளைகளும் வரிசையாக ஒரே கோப்பில். புது மேக்கில் 'மேக்பைனரி டிகோட்' (macbinary decode) கொடுத்ததும் எழுத்துரு முழுசாக வந்தது. நோட்டீஸ் அன்றே அச்சேறியது.