20 வளைவில் 10 எங்கே போயின? ஜாவாவில் ஃபைல் படிக்கும் லூப்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நோட்பேடில் வரிக்கு ஒன்றாக ‘வளைவு 1’ முதல் ‘வளைவு 20’ வரை அடித்துச் சேமியுங்கள். சோதனைக்கு அது போதும். (கட்டளைகளை இங்கே ஒலிப்படி தருகிறோம், எடிட்டரில் ஆங்கில எழுத்தில் அடிக்கவும்.)

படி 1: ஃபைலைத் திறக்கும் ஃபைல்ரீடரை, வரிவரியாகப் படிக்கும் பஃபர்டுரீடருக்குள் (அதற்கு ‘பிஆர்’ என்று பெயர் வையுங்கள்) வைத்து, ‘ட்ரை’யின் அடைப்புக்குறிக்குள்ளேயே திறங்கள். ஜாவா 7 முதல் இது உண்டு. வேலை முடிந்ததும் ஃபைல் தானே மூடிக்கொள்ளும்.

படி 2: முதலில் தப்பாகவே எழுதிப் பாருங்கள். ‘வைல்’ நிபந்தனையில் ‘பிஆர்.ரீட்லைன்() != நல்’ (‘நல்’ என்றால் ‘எதுவும் இல்லை’, != என்றால் ‘சமமில்லை’); உள்ளே அச்சிடும் இடத்தில் மறுபடியும் ‘பிஆர்.ரீட்லைன்()’. ஓட்டினால் 2, 4, 6 என்று இரட்டைப்படை வளைவுகள் மட்டுமே வரும். ரீட்லைன் வெறுமனே எட்டிப் பார்ப்பதில்லை. கூப்பிடும்போதெல்லாம் ஒரு வரியை எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடும். நிபந்தனை எடுத்த வளைவு 1-ஐ எந்த மாறியும் பிடித்து வைக்கவில்லை. 21-ஆவது வரியாக ‘ஏற்காடு ஏரி’ சேர்த்தால் இன்னும் வேடிக்கை: ஏரியை நிபந்தனை விழுங்கிவிடும், கடைசியில் ‘நல்’ என்றே அச்சாகும்.

படி 3: சரியான வடிவம் இது (‘வரி’ என்பது முன்பே அறிவித்த ஸ்ட்ரிங், அதாவது எழுத்துச்சர மாறி).

வைல் ((வரி = பிஆர்.ரீட்லைன்()) != நல்)

உள்ளே ‘வரி’யை மட்டும் அச்சிடுங்கள். உள் அடைப்புக்குறியை விட்டுவிட்டால் != முதலில் கணக்காகும்; பூலியனை (உண்மை/பொய் மதிப்பை) ஸ்ட்ரிங்கில் வைக்க முடியாது என்று கம்பைலர் மறித்துவிடும்.

படி 4: வளைவு 10-க்குக் கீழே ஒரு வெற்று வரி விடுங்கள். லூப் நிற்காது. வெற்று வரி என்பது நீளம் 0 உள்ள ஸ்ட்ரிங்; ஃபைல் தீர்ந்தால்தான் நல். ஃபைலின் முடிவை ‘இஸ்எம்ப்டி’யால் (ஸ்ட்ரிங் வெறுமையா என்று பார்ப்பது) தேடினால் பாதி மலையில் இறங்கிவிடுவீர்கள். ‘ரெடி()’யும் வேண்டாம்: காத்திருக்காமல் படிக்கலாமா என்பதைத்தான் அது சொல்லும், முடிவை அல்ல.

எழுத்தெழுத்தாகப் படிக்கும் ‘ரீட்()’ முடிவில் -1 தரும். அதை ‘(சார்)’ என்று வலிந்து மாற்றி, ஓர் எழுத்தை வைக்கும் ‘சார்’ மாறியில் வாங்கினால் 65535 ஆகிவிடும்; -1-ஐத் தேடும் லூப் முடியவே முடியாது. இன்ட்டில் (முழு எண் மாறியில்) வாங்கிச் சோதித்த பிறகு மாற்றுங்கள்.

பஃபர்டுரீடருக்குப் பதில் ஸ்கேனர் என்றால், அடுத்த வரி உண்டா என்று ‘ஹேஸ்நெக்ஸ்ட்லைன்’ நகராமல் பார்க்கும். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரே ஒரு ‘நெக்ஸ்ட்லைன்’.

தமிழ் எழுத்து சிதைந்து வந்தால் லூப் மேல் பழி போட வேண்டாம். விண்டோஸில் ஜாவா 18-க்கு முந்தைய பதிப்புகள் பொதுவாக யுடிஎஃப்-8-ஐ (தமிழ் உட்பட எழுத்துகளைச் சேமிக்கும் குறியாக்கம்) தாமாக எடுத்துக்கொள்ளாது. ஜாவா 11 முதல் ஃபைல்ரீடரிடமே அதைச் சொல்லிவிடலாம்.