மலையகத்திலிருந்து ரோபோட்டிக்ஸ் முதுமாணி: ஜெர்மனிக்கு விண்ணப்பிக்கும் முறை

ஜெர்மனியில் தன்னியக்கமும் ரோபோட்டிக்ஸும் படிக்க நான் இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் கையில் இருந்தது அதே பட்டம், அதே புள்ளி. முதல் வருடம் எல்லா இடங்களிலும் நிராகரித்தார்கள். அடுத்த வருடம் இடம் கிடைத்தது. எங்கே தவறினேன் என்பதை ஹட்டன், பதுளைப் பக்கத்துத் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

படி 1: பாடநெறிப் பட்டியல்

பல்கலைக்கழகத்தின் பெயரை வைத்துத் தேடாதீர்கள், மாநிலத்தை வைத்துத் தேடுங்கள்; கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டோர்ட்முண்ட் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் 'ஆட்டோமேஷன் அண்ட் ரோபோட்டிக்ஸ்' என்றே ஒரு முதுமாணி இருக்கிறது. ஆங்கிலத்தில், நான்கு அரையாண்டுகள். டோர்ட்முண்ட் இருக்கும் நோர்த்ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தில் அரச பல்கலைக்கழகங்கள் கற்பித்தல் கட்டணம் கேட்பதில்லை. அரையாண்டுப் பங்களிப்புத் தொகை மட்டும்தான். பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்திலோ ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் நம்மைப் போன்றவர்களுக்கு 2017 முதல் அரையாண்டுக்கு 1,500 யூரோ.

படி 2: புள்ளியை மாற்றுவது

நான் விழுந்த இடம் இதுதான். ஜெர்மனியில் 1 மிகச் சிறந்த புள்ளி, 4 சித்தியின் கடைசி எல்லை. கணக்கு இப்படி: அதிகபட்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழியுங்கள். அதே அதிகபட்சத்திலிருந்து, பட்டம் பெறத் தேவையான குறைந்தபட்சப் புள்ளியையும் கழியுங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1ஐக் கூட்டுங்கள்.

உங்கள் ஜீ.பீ.ஏ. (பட்டத்தின் சராசரிப் புள்ளி) 4.0க்கு 3.2 என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்சம் 2.0. அப்படியென்றால் 0.8ஐ 2.0ஆல் வகுக்க 0.4, மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்ட 2.2. நான் குறைந்தபட்சத்தைப் பூச்சியம் என்று போட்டேன். விடை 1.6 என்று வந்தது. அந்த மகிழ்ச்சியில், 2.0க்கு மேல் யாரையும் எடுக்காத பாடநெறிகளுக்கே விண்ணப்பக் கட்டணம் முழுவதையும் செலவழித்துவிட்டேன். குறைந்தபட்சப் புள்ளியைக் கேட்காத இணையக் கணிப்பான்களை நம்பாதீர்கள். ஒரு தாளும் பேனாவும் போதும்.

படி 3: பெயர்

ஆங்கிலப் பரீட்சைக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே இதைத் தொடங்குங்கள். தோட்டங்களில் பிறந்த பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பட்டச் சான்றிதழில் முதலெழுத்துகளோடு ஒரு பெயர், கடவுச்சீட்டில் விரித்தெழுதிய இன்னொரு பெயர். என் அப்பாவின் பெயரே மூன்று விதமாக இருந்தது. எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, ஆங்கிலப் பிரதியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழையையே திருத்த வேண்டுமென்றால் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும்; அதற்கு மாதக்கணக்கில் அவகாசம் வையுங்கள்.

படி 4: நோக்கக் கடிதம்

சிறுவயது முதல் ரோபோக்களைப் பிடிக்கும் என்று தொடங்க வேண்டாம். நீங்கள் பார்த்து வளர்ந்த தேயிலைத் தொழிற்சாலையை எழுதுங்கள். கொழுந்து வாட்டும் தொட்டியில் காற்றைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை, அனுபவப்பட்டவர் இலையைக் கையில் பிசைந்து பார்த்தே முடிவு செய்கிறார். அந்தக் கையின் அறிவை ஈரப்பத உணரியும் விசிறியின் வேகக் கட்டுப்பாடும் எந்த அளவுக்கு ஏற்க முடியும்? மழைக் காலக் கொழுந்துக்கும் வெயில் காலக் கொழுந்துக்கும் ஒரே கட்டுப்பாடு பொருந்துமா? இது உண்மையான கட்டுப்பாட்டுப் பொறியியல் கேள்வி. என் இரண்டாவது கடிதம் முழுவதும் இதைப் பற்றியதுதான்.

படி 5: பணம்

விசாவுக்காக முடக்கப்பட்ட கணக்கில், அதாவது முன்கூட்டியே பணம் போட்டு மாதந்தோறும் ஓர் அளவு மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரிலிருந்து வருடத்துக்கு 11,904 யூரோ. நம் குடும்பங்களுக்கு இது மலை. அதனால் டாட் (DAAD, ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவை) புலமைப்பரிசிலையும் பாருங்கள்; மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கைத்தொழில் தன்னியக்க முதுமாணியையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்னர் சேர்த்தது: மொரட்டுவையில் படித்த தங்கை ஒருவர், படி 2இன் கணக்கில் தன் விடை பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார். அங்கே மிக உயர்ந்த தரமான ஏ பிளஸுக்கு 4.2 புள்ளி என்பதால் அதிகபட்சத்தையும் 4.2 என்றே போட வேண்டும். அதே 3.2க்கு இப்போது 1.0ஐ 2.2ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 2.4. உங்கள் பெறுபேற்றுப் பத்திரத்தின் பின்பக்கத்தில் புள்ளி முறை அச்சிடப்பட்டிருந்தால், அந்தப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.