டெல்லி குளிரும் ரிட்டயர்டு ஜோடியும்: நாங்க பண்ணின தப்பை நீங்களும் பண்ணாதீங்க

ரெண்டு பேருக்கும் கவர்ன்மென்ட் வேலை, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ்ல பாதி வாழ்க்கை, அப்புறம் மயூர் விஹார்ல சொந்த ஃப்ளாட். 32 வருஷம் டெல்லியில குப்பை கொட்டியும் இந்த ஊர்ல குளிர்கால மத்தியான வெயில்னு ஒண்ணு இருக்கிறதே எங்களுக்குத் தெரியாது, ஏன்னா அந்த நேரத்துல ஆபீஸ்ல ஹீட்டர் பக்கத்துல ஃபைலுக்குள்ள தலையை விட்டுட்டு இருப்போம். ரிட்டயர் ஆனவங்களுக்குன்னே கடவுள் படைச்ச வெயில் அது. ஆனா முதல் வருஷம் அதையும் கோட்டை விட்டோம்.

காரணம் அஞ்சு மணி வாக்கிங். நம்ம ஆளுங்க எங்க போனாலும் விடியக்காலை எழுந்து நடந்தா தான் நடைன்னு நினைப்போம், சுத்தமான காத்துன்னு ஒரு நம்பிக்கை வேற. மார்ச் மாசத்துல சரி. டிசம்பர்ல டெல்லியில அது நேர் தலைகீழ். ராத்திரி தரை ஜில்லுனு ஆகும், தரையை ஒட்டின காத்தும் ஜில்லுனு ஆகும், அதுக்கு மேல கொஞ்சம் சூடான காத்து இட்லிப் பானை மூடி மாதிரி உட்கார்ந்துக்கும். வண்டிப் புகை, குப்பை எரிச்ச புகை, தூசி எல்லாம் மேல போக வழியில்லாம நம்ம மூக்கு உயரத்துலயே நிக்கும். சூரியன் ஏறி தரை சூடானப்புறம் தான் அந்த மூடி திறக்கும், அதனால பொதுவா 12 மணியிலேருந்து 4 மணி வரைக்கும் காத்து கொஞ்சம் தேவலாம், இருட்டினா மறுபடியும் மூடிக்கும். நாங்க இது தெரியாம குரங்கு குல்லா, மஃப்ளர் சகிதம் மூடுபனிக்குள்ள ஒன்றரை மாசம் நடந்தோம். எனக்கு இருமல் நிக்கவே இல்ல. டாக்டர் ஸ்டெத்தை வைக்கிறதுக்கு முன்னாடி கேட்ட முதல் கேள்வியே "எத்தனை மணிக்கு வாக்கிங் போறீங்க?" தான்.

இப்போ வெளிய போறதுக்கு முன்னாடி சமீர்னு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட ஆப்ல ஏ.க்யூ.ஐ. (காத்து எவ்வளவு கெட்டிருக்குன்னு சொல்ற எண், ஏற ஏற மோசம்) பார்க்கிறது பால் பாக்கெட் எடுக்கிற மாதிரி பழகிடுச்சு. 200-க்குள்ள இருந்தா விளையாடப் போவோம். 201-லேருந்து 300 "புவர்", அன்னிக்கு மெதுவான நடை மட்டும். 300 தாண்டினா "வெரி புவர்", 400 தாண்டினா "சிவியர்", அன்னிக்கு ஜன்னலைச் சாத்திட்டு கிளப் ரூம்ல கேரம் தான், வீரம் காட்ட வேண்டாம். துணி மாஸ்க், ஆஸ்பத்திரி நீல மாஸ்க் ரெண்டுமே இந்த நுண்தூசியைச் சரியா தடுக்காது, என்95 முகத்துல ஒட்டி நின்னா தான் பிரயோஜனம். அதைப் போட்டுக்கிட்டு ஓடி விளையாடறதும் நம்ம வயசுக்கு ஆகாது. தீபாவளிக்கு அடுத்த சில வாரம் ரொம்ப மோசம், ஜனவரி கலந்து கட்டி, பிப்ரவரி தான் ராஜா. அதனால பெரிய பிளானெல்லாம் பிப்ரவரிக்குத் தள்ளுங்க.

மார்கழி ஒண்ணுக்கு மட்டும் நான் விதிவிலக்கு குடுத்திருக்கேன். விடியக்காலை திருப்பாவை, சுடச்சுட வெண்பொங்கல், அதை விட்டுட்டு என்ன மார்கழி? ஆனா தலைக்குக் குளிச்சு ஈர முடியோட 5 டிகிரியில ஆட்டோ ஏறாதீங்க, கோயில்லேருந்து நேரா வீடு, அங்கேருந்து அப்படியே "ஒரு ரவுண்டு நடந்துட்டு வரலாம்" வேண்டாம்.

அடுத்தது விளையாட்டு, இதுல எங்க வீட்டுக்காரர் கதையே இருக்கு. சொசைட்டியில ரெண்டு வருஷமா எல்லாரும் பிக்கிள்பால் பைத்தியம். பேட்மிண்டன் டபுள்ஸ் கோர்ட்டும் பிக்கிள்பால் கோர்ட்டும் ஒரே அளவு, 44-க்கு 20 அடி, அதனால புதுசா இடம் தேட வேண்டாம், 5 அடி உயர நெட்டை இறக்கி நடுவுல 34 இஞ்ச் வச்சா ஆச்சு. டேபிள் டென்னிஸ் பேட்டை ஊதிப் பெருசாக்கின மாதிரி ஒரு பேடில், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து. நெட்டுக்கு ரெண்டு பக்கமும் 7 அடிக்கு "கிச்சன்"னு பேர், அதுக்குள்ள நின்னு, பந்து தரையில படறதுக்கு முன்னாடியே அடிக்கக்கூடாது. "பாரு, ஆம்பளை கிச்சனுக்குள்ள போகக்கூடாதுன்னு ரூலே இருக்கு"ன்னு சொல்லி இவர் ஒரு வாரம் சிரிச்சார்.

சிரிப்பு நின்னது ஒரு ஞாயித்துக்கிழமை. எதிர்ல இருந்தவர் பந்தை இவர் தலைக்கு மேல தூக்கி அடிச்சார், இவர் பந்தைப் பார்த்துக்கிட்டே பின்னாலயே நாலு அடி வச்சார், அவ்வளவு தான், கால் தடுக்கி, கையை ஊனி, மணிக்கட்டு போச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு, குளிர்காலம் முழுக்க நான் தான் ஸ்வெட்டர் மாட்டி விட்டேன். நம்ம வயசுல இந்த விளையாட்டுல ஆள் விழறதுக்கு இந்தப் பின்நடையும் ஒரு முக்கியமான காரணம். தலைக்கு மேல போற பந்துக்கு உடம்பைத் திருப்பி பக்கவாட்டுல ஓடுங்க, இல்லன்னா "போகட்டும்"னு விடுங்க, ஒரு பாயின்ட் தானே? இன்னொண்ணு, ரன்னிங் ஷூ போட்டு ஆடாதீங்க, அதோட உயரமான மெத்து மெத்து அடிப்பாகம் நேரா ஓடறதுக்கு, பக்கவாட்டுல காலை வச்சா கணுக்கால் மடங்கிடும். கோர்ட் ஷூ தனியா வரும், வாங்கிடுங்க. காலையில பனி இறங்கின சிமென்ட் எண்ணெய் தடவின மாதிரி இருக்கும், காயுற வரைக்கும் அதுல கால் வைக்காதீங்க. அப்புறம் பத்து நிமிஷம் கை கால் உதறாம நேரா ஆட்டத்துல இறங்காதீங்க, குளிர்ல தசை இறுகித் தான் கிடக்கும்.

பேட்மிண்டன் ஆடறவங்க கவனிக்காத ஒரு சின்ன விஷயம் சொல்றேன். பிளாஸ்டிக் ஷட்டில் அடியில கலர் பட்டை இருக்கும் இல்லையா, பச்சை வெயில் காலத்துக்கு, நீலம் நடுவாந்தரம், சிவப்பு குளிருக்கு. குளிர்காத்து அடர்த்தி ஜாஸ்தி, ஷட்டில் போய்ச் சேராம நடுவழியிலயே விழும். எங்க குரூப்ல மே மாசம் வாங்கின பச்சையையே ஜனவரியிலயும் ஆடினாங்க, ஷட்டில் போகலன்னு ஒவ்வொருத்தரும் பல்லைக் கடிச்சு ஓங்கி ஓங்கி அடிச்சு, மூணு பேருக்கு தோள்பட்டை வலி. வயசாயிடுச்சுன்னு பேசிக்கிட்டாங்க. சிவப்பு டப்பா ஒண்ணு வாங்கினோம், பாதி வயசு குறைஞ்சுது.

உடம்பு விஷயம் சுருக்கமா. குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கும், பி.பி. ஏறும், அதனால வீட்டுலயே வாரத்துக்கு ரெண்டு தரம் பார்த்து எழுதி வைங்க, மாத்திரையை நீங்களா கூட்டிக் குறைக்காம அந்தச் சீட்டை டாக்டர்கிட்ட காட்டுங்க. தாகமே எடுக்காது, ஆனாலும் தண்ணி குடிக்கணும், நம்ம லேடீஸ் வெளிய பாத்ரூம் இருக்காதுன்னு பயந்து குடிக்கவே மாட்டோம், அப்புறம் ராத்திரி கால் பிடிச்சு இழுக்கும். அதுக்கு பாத்ரூம் ஒழுங்கா இருக்கிற இடமா பார்த்துப் போகணும். சுந்தர் நர்சரின்னு ஒரு பார்க், அதுக்கு டிக்கெட் உண்டு, லோதி கார்டனுக்கு டிக்கெட்டே கிடையாது, ரெண்டுலயும் நடந்துக்கிட்டே இருக்கலாம், புல்லுல ஜமக்காளம் விரிச்சு புளியோதரையைப் பிரிக்கலாம். தயிர்சாதத்தை எடுத்தா மட்டும் பக்கத்து பஞ்சாபி ஆன்ட்டி "இந்தக் குளிர்ல தயிரா!"ன்னு நெஞ்சைப் பிடிச்சுப்பாங்க, கண்டுக்காதீங்க. ராத்திரி கதவைச் சாத்திட்டு ரூமுக்குள்ள அங்கீட்டி (கரி அடுப்பு) வைக்கிறது மட்டும் என்னிக்கும் கூடாது, அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும்.

இப்போ பழகற விஷயம். ரிட்டயர் ஆன புதுசுல எல்லாத்துக்கும் சரின்னு தலையாட்டினோம். நவம்பர்ல கல்யாண சீசன், திறந்த புல்வெளியில ராத்திரி பதினொரு மணிக்குச் சாப்பாடு, பட்டுப்புடவை தெரியணும்னு நான் ஸ்வெட்டரே போடல (இதை என் தப்புலயே பெரிய தப்பா வச்சுக்கலாம்). ஜனவரியில 13-ம் தேதி லோஹ்ரி (பஞ்சாபிக்காரங்க நெருப்பு மூட்டிக் கொண்டாடற பண்டிகை), மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோ பொங்கல், தமிழ்ச் சங்கத்துல ஏதாவது விழா, நடுவுல பிக்னிக். ஒரு வாரத்துல ரெண்டு பேரும் படுத்தாச்சு. இப்போ ஒரு நாளைக்கு ஒரு புரோகிராம், இருட்டினப்புறம் வாரத்துக்கு ஒண்ணு. லோஹ்ரி நெருப்புகிட்ட நிக்கும்போது சிந்தெடிக் சால்வையை ஒதுக்கிக் கட்டிக்கணும், புகை எந்தப் பக்கம் போகுதோ அதுக்கு எதிர்ப்பக்கம் நிக்கணும்.

ஜோடியா ரிட்டயர் ஆனோம்னு எல்லாத்தையும் ஜோடியாவே பண்றதும் தப்பு தாங்க. இவர் கோர்ட்டுல இருக்கும்போது நான் ஸ்கோர் சொல்லிக்கிட்டு நிப்பேன், ரெண்டு பேருக்குமே எரிச்சல். இப்போ அவர் கோர்ட்டுல, நான் பத்தடி தள்ளி வெயில்ல நாற்காலி போட்டு நாலு பேரோட ரம்மி. நடுவுல வறுத்த வேர்க்கடலை, கின்னோ ஆரஞ்சு, முறை வச்சு ஒருத்தர் வீட்டு கஜக் (எள்ளும் வெல்லமும் சேர்த்த மிட்டாய்). எனக்கு ஹிந்தி 32 வருஷத்துல வந்ததை விட இந்த மூணு குளிர்காலத்துல ஜாஸ்தி வந்திருக்கு, அதுலயும் சண்டை போடற ஹிந்தி.

நாலு மணி வாக்குல பி பிளாக் நிழல் கோர்ட்டுக்குள்ள வந்து நெட்டைத் தொடும். இவர் இன்னும் ஒரே ஒரு கேம்னு விரலைக் காட்டுவார், நான் நாற்காலியை மடிச்சு கக்கத்துல வச்சுக்கிட்டு லிஃப்ட் பக்கம் நடக்க ஆரம்பிச்சுடுவேன்.